பீரோவில் இல்லாத ஜெல்லி

ஜாம், ஜெல்லி, மார்மலேட், சிரப் நான்கையும் முன்னால் வைத்துக் கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எது என்று பிரித்துப் பெயர் சொல்லிவிடுவேன். அந்த வித்தையை மூன்று வருஷம் பினாங்கில் ஒரு வெள்ளைக்காரன் ஓட்டலில் நின்று கற்றுக்கொண்டேன். இதுவரை சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த என் மகள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். நான் சொல்வதை நாலு பேர் படிக்கிற தமிழில் எழுதித் தருகிறேன் என்றுதான் உட்கார்ந்தாள், பொய்யை எழுதித் தருகிறேன் என்று சொல்லவில்லை. சரி, அது பொய்தான். பினாங்கை நான் காலண்டர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நாகப்பட்டினம் வரை போனது மட்டும் உண்மை. கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகில் கால் வைத்ததும் குடல் வாய்க்கு வந்துவிட்டது. படகுக்காரன் என்னைக் கரையில் இறக்கிவிட்டு, ஒனக்கெல்லாம் எதுக்குடா கடல், குளத்துலயே குளி என்றான். யாரோ எறிந்துவிட்டுப் போன சீமை பிஸ்கட் டின் ஒன்று கரையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். பிறகு வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பினாங்குக் கதைக்கெல்லாம் அந்த டின்தான் சாட்சி. ஆனால் நான்கையும் பிரித்துச் சொல்வேன் என்பது இன்றைக்கு உண்மை. அதற்குச் சாட்சி, இதோ எனக்கு முன்னால் இருக்கும் இந்தப் பீங்கான் கோப்பை. வெள்ளை வெளேரென்று இருக்கும், விளிம்பில் நீலக் கோடு, ஓரிடத்தில் ஒரு சின்ன உடைசல்.

என் படிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்று சிலரைச் சொல்வார்கள். நான் ஒதுங்கியவன். வந்தது வந்தாய், உட்கார் என்று வாத்தியார் பெஞ்சைக் காட்டினார். நனைந்தால் பரவாயில்லை என்று மழைக்குள்ளேயே ஓடிவந்துவிட்டேன். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கல்யாணங்களில் இலை எடுத்து, காய் நறுக்கி, கரண்டி பிடித்து, முப்பது வயதில் ஒரு மாதிரி சமையல்காரன் ஆனேன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் சர்க்கார் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. திருமயத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெரிய செட்டியார் வீட்டுக்குச் சமையலுக்கு ஆள் தேடினார்கள். முதலாளி மலாயாவில் தொழில் பார்த்துவிட்டு வந்து வீட்டோடு இருந்தவர். பிள்ளைகள் இருவரும் அங்கேயே இருந்தார்கள். வேலை கேட்டுப் போன என்னிடம் முதலாளியின் மனைவி ஆச்சி, என்னென்ன சமைப்பாய் என்று கேட்டார். சாம்பார், கூட்டு என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? ஜாம் ஜெல்லி எல்லாம் போடுவேன் ஆச்சி, பினாங்கில் இருந்தேன் என்று டின்னைத் தூக்கிக் காட்டினேன். ஆச்சி டின்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். போய் ஒரு உப்புமா கிண்டிக் கொண்டா என்றார். வேலை கிடைத்துவிட்டது.

அந்த வீட்டின் இரண்டாம் கட்டில் ஆளுயரக் கண்ணாடி பீரோ ஒன்று இருந்தது. அதில் துணியும் கிடையாது, நகையும் கிடையாது. மேல் தட்டு முழுக்க பாட்டில்கள். முதலாளி ஒவ்வொரு தடவை கப்பலில் வரும்போதும் ஒன்றோ இரண்டோ கொண்டுவந்து வைத்தது. சிவப்பு, மஞ்சள், பழுப்பு, தேன் நிறம் என்று ஏழெட்டு பாட்டில், எல்லாவற்றிலும் இங்கிலீஷில் ஏதோ ஒட்டியிருக்கும். ஒன்றையும் திறந்தது கிடையாது. தின்பதற்கு வாங்கியதாக யாரும் நினைத்ததாகவும் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் சம்பந்திகள் பார்ப்பதற்கு அது. பொங்கலுக்குப் பொங்கல் முதலாளியே ஈரத்துணி எடுத்து ஒவ்வொன்றையும் துடைத்து, பெயர் தெரியும்படி திருப்பி வைப்பார். வேறொருவர் கை படக்கூடாது. வெயில் சாய்கிற நேரத்தில் முற்றத்து வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் விழும். அப்போது அந்தத் தட்டைப் பார்த்தால் கோயில் நகைப் பெட்டியைத் திறந்து வைத்தது போல இருக்கும். எல்லாம் ஜாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாட்டிலில் வந்தால் ஜாம், டின்னில் வந்தால் பிஸ்கட். என் இங்கிலீஷ் அவ்வளவுதான்.

என் பினாங்குக் கதையை ஒரே ஓர் ஆளிடம்தான் ஓட்ட முடியவில்லை. அவர் பண்டாரி பாய். கப்பலில் சமைக்கிறவரைப் பண்டாரி என்பார்கள். பாய் கோட்டைப்பட்டினத்துக்காரர். இருபது வருஷம் கப்பல் கப்பலாகச் சுற்றி, கேப்டன்மாருக்கும் பயணிகளுக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, கண்ணில் பூ விழ ஆரம்பித்ததும் கரைக்கு வந்துவிட்டவர். பிறகு ஒரு தகரப் பெட்டியில் கைலி, தைலம், வாசனைச் சோப்பு, ஊசி நூல் எல்லாம் அடைத்துக்கொண்டு, அறந்தாங்கி வழியாக பஸ் ஏறி, மாதத்துக்கு ஒரு தடவை செட்டியார் ஊர்களுக்கு வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். முதல் நாளே, பினாங்கில் எந்தத் தெரு என்று கேட்டார். பெரிய தெரு என்றேன். ஆமாமா, எல்லா ஊர்லயும் ஒரு பெரிய தெரு இருக்கும்ல என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். அத்தோடு சரி. ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. வீட்டின் பின்வாசலில் பெட்டியை இறக்கியதும், பினாங்கு இருக்காரா என்றுதான் கேட்பார். நானும் ராஜாவுக்குப் பட்டம் கட்டியது போல நிமிர்ந்து வருவேன்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் முதலாளிக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. காலையில் பல் துலக்கப் போனவர் கிணற்றடியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. கண் மட்டும் முழு உயிரோடு இருந்தது. எல்லாம் புரிந்தது, சொல்லத்தான் முடியவில்லை. அதைவிடக் கொடுமை, தொண்டை வேலை செய்யவில்லை. ஒரு பாலாடை தண்ணீர் ஊற்றினால் புரையேறி மூச்சு அடைத்தது. புதுக்கோட்டையிலிருந்து டாக்டர் காரில் வந்தார். தண்ணீரோ கஞ்சியோ பாலோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழலுக்குள் போய் நெஞ்சில் தங்கிவிடும் என்றார். ஒரு மருந்தை ஊசி வழியாக ஏற்றிவிட்டு, ஜெல்லி மாதிரி கொடுத்துப் பாருங்கள், அது இறங்கினால் பிழைத்தார், இரண்டு நாளில் இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார். அந்த நாளில் அந்த ரோட்டில் கார் குலுங்குகிற குலுக்கலில் நல்ல உடம்புக்கே விலா வலிக்கும். இந்த உடம்பு புதுக்கோட்டை போய்ச் சேராது என்று ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. அது டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இரண்டு நாள் கொடுத்தார். கார் போன பிறகு ஆச்சி திரும்பி என்னைப் பார்த்தார். வளவு முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜெல்லி போடத் தெரிந்தவன் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தானே.

தெரியாது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். அரை விநாடி வேலை. நாலு பேர் முன்னால் நான் சிறியவனாகிவிடுவேனே என்று வாயை மூடிக்கொண்டேன். பாட்டில் ஒன்றில்தான் அந்தச் சாமான் இருக்கும், நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பீரோவைத் திறக்கச் சொன்னேன். முதலாளியின் கட்டில் பீரோவுக்கு எதிரேதான் கிடந்தது. நான் ஒவ்வொரு பாட்டிலாகத் தொட, அவர் கண் என் கை கூடவே வந்தது. மஞ்சளாக, கண்ணாடி போல மின்னிய ஒன்றை எடுத்தேன். நல்லது எல்லாம் மஞ்சளாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு. அவருடைய இடது கை கட்டிலின் மேல் எழுந்து விரல்களை உதறியது. சீக்கிரம் கொண்டா என்கிறார் என்று எனக்குப் பட்டது. அதைப் பார்த்து, முதலாளிக்கே பொறுக்கவில்லை பாருங்கள் என்று வேறு சொன்னேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் எது என்ன என்று தெரிந்தவருக்குச் சொல்ல வாயில்லை. வாயிருந்த எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மூடி இறுகிப்போய் இருந்தது, சுடுதண்ணீரில் வைத்துத் திறந்தேன். கெட்டியாக இருக்கிறதே என்று ஒரு கரண்டி எடுத்து வெந்நீர் விட்டு இளக்கினேன். மாமியார் வீட்டுக்குப் போகிற பலகாரத்தைப் போலத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். ஆச்சி ஒரு சொட்டை முதலாளியின் நாக்கில் வைத்தார். அடுத்த நிமிஷம் முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. இருமல் வரவில்லை, இருமலுக்கு முன்னால் வருகிற ஓர் இழுப்பு மட்டும் வந்தது. ஆச்சி ஒரு ஆளாக அவரைப் பக்கவாட்டில் புரட்டி முதுகில் தட்டினார். ஒரு நூல் அளவு பழத்தோல் வாயிலிருந்து வந்து விழுந்தது. பிறகுதான் இருமல் வந்தது. இருமலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கையில் இருந்த கரண்டியிலிருந்து அந்த மஞ்சள் சாறு என் கால் பெருவிரலில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆச்சி என்னைத் திட்டவில்லை. தன் புடவைத் தலைப்பால் முதலாளியின் வாயைத் துடைத்துவிட்டு, நிமிராமலே, "பீரோவச் சாத்திட்டுப் போப்பா" என்றார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

மறுநாள் காலை, டாக்டர் கொடுத்த கெடுவில் பாதி போய்விட்டது, பின்வாசலில் தகரப் பெட்டி இறங்குகிற சத்தம் கேட்டது. நான் கிணற்றடியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். பாய் பக்கத்தில் வந்து, ஒரு கண்ணைச் சுருக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பினாங்கு, மொகமெல்லாம் ஊதிக் கெடக்கு? தேள் கொட்டிருச்சா?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பிஸ்கட் டின்னிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். மொதலாளியக் கொல்லப் பாத்தேன் பாய் என்றேன். பாய் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்லச் சொன்னார். இரண்டு தடவை சொல்ல வைத்தார். பிறகு, பீரோவில் இருக்கிற எல்லா பாட்டில்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஆச்சி சம்மதிப்பார்களா, கேட்டு வா என்றார். நான் கேட்கப் போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆச்சியே பின்கட்டு நிலைப்படி வரை வந்து கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். உள்ளே போய், தாமே தாம்பாளத்தில் பாட்டில்களை அடுக்கிக் கொண்டுவந்து கிணற்றுத் திட்டில் வைத்தார். பொங்கலுக்கு மட்டும் ஈரத்துணி கண்ட அந்தப் பாட்டில்கள் முதன்முதலாக வெயிலைப் பார்த்தன.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. பாய்க்கும் எழுத்துத் தெரியாது, நம் ஜாதிதான். பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, பூ விழாத கண்ணுக்கு நேரே சூரியனுக்கு முன் பிடித்தார். பிறகு மெதுவாகச் சாய்த்தார், நிமிர்த்தினார், காதோரம் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. முதலில் சிவப்பு பாட்டில். வெளிச்சம் உள்ளே போகாமல் நின்றுவிட்டது, சாய்த்தால் மனசில்லாமல் நகர்ந்தது. இது ஜாம், பழத்தை மசித்துக் காய்ச்சியது, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் என்று ஓரமாக வைத்தார். தேன் நிறத்து பாட்டிலைச் சாய்த்ததும் உள்ளே இருந்தது மறுபக்கம் ஓடி வந்தது. இது சிரப், வெறும் சீனிப்பாகு, தண்ணீர் போன வழியில் இதுவும் போகும் என்றார். நேற்று நான் திறந்த மஞ்சள் பாட்டிலை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். வெயிலில் அதற்குள் நூல் நூலாகத் தோல் நின்றது. நேற்று அந்தத் தோல்தான் கட்டிலில் விழுந்தது. நாரத்தங்காய் ஜாதிப் பழத்தைத் தோலோடு போட்டுக் காய்ச்சுவது, பெயர் மார்மலேட், இனிப்புக்கு அடியில் கசப்பு இருக்கும் என்றார். எல்லாம் பார்த்து முடித்து ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டார்.

ஜெல்லி எது பாய் என்று கேட்டேன்.

"இதுல இல்லப்பா. அது பாட்டில்ல வாராது, ஆக்கணும். ஜாம் ஒட்டும், மார்மலேட்டு கசக்கும், சிரப்பு ஒழுகும். ஜெல்லி நடுங்கும். நடுங்கும், ஆனா சிந்தாது."

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். படித்தால் இங்கிலீஷ் வருமா, அடி வாங்கினால்தான் வரும் என்றார். கப்பலில் அவர் சேர்ந்த புதிதில் மேலே இருந்து ஒரு பெயர் சொல்லி அனுப்புவார்களாம், இவர் ஒன்று கொண்டுபோவாராம், தட்டு இவரை நோக்கிப் பறந்து வருமாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தட்டு. பெயரைக் காதால் கேட்பார், சாமானைக் கண்ணாலும் கையாலும் பார்த்து வைத்துக்கொள்வார். ஒரு பயணத்தில் காய்ச்சலில் கிடந்த ஒரு வெள்ளைக்காரருக்குப் பத்து நாள் ஜெல்லி ஆக்கிக் கொடுத்தாராம். புயல் காலம் வேறு. கப்பல் ஆடும், கோப்பை ஆடும், கோப்பைக்குள் ஜெல்லியும் ஆடும், ஆனால் ஒரு சொட்டு வெளியே போகாது, கஞ்சி கொண்டுபோனால் பாதி என் சட்டையில்தான் இருக்கும் என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாய்க்கு வந்ததைப் பேசிப் பிழைத்தவன் நான். ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை எடையும் நிறமும் அசைவும் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

டவுனில் ஜெல்லிக்கென்று பொட்டலத்தில் பொடி விற்பார்கள், அது எலும்பிலிருந்து வடிப்பது, எந்த மிருகத்து எலும்போ, இந்த வீட்டுக்கும் ஆகாது எனக்கும் ஆகாது என்றார் பாய். அதற்கு ஐஸ் பெட்டியும் வேண்டும், இந்த வெயிலில் அது ரசம் மாதிரிதான் இருக்கும். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, கைலிகளுக்கு அடியிலிருந்து வெள்ளையாக, உலர்ந்த வைக்கோல் பிரி போன்ற ஒன்றை எடுத்தார். கடல்பாசி. அவருடைய கடற்கரை ஊர்ப் பக்கம் நோன்பு மாதத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சுவார்களாம். திருமயத்தில் அவருக்கு வேண்டியவர் வீட்டுக்கென்று வைத்திருந்தாராம். இது கடலில் விளைந்தது, தண்ணீரில் பிறந்தது தண்ணீரைக் கட்டிப்போடும் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அடுப்படியில் உறைந்து கிடக்க வேண்டிய நெய்யே எண்ணெய் போல ஓடிக்கொண்டிருந்த நாள் அது. இந்த நாரைப் போட்டு வெந்நீர் எப்படிக் கல்லாகும்?

கல்யாணச் சமையலுக்குக் கோட்டை அடுப்பு போடுகிற பின்கட்டு வெளியிலேயே மூன்று கல் வைத்தோம். பாய் பாத்திரத்தைத் தொடவில்லை. சற்றுத் தள்ளித் தன் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார், நான் செய்தேன். பாசியை ஊறவைத்துக் கொதிக்க விட்டோம். நார் நாராக இருந்தது பத்து நிமிஷத்தில் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிட்டது. இளநீரும் கொஞ்சம் பனங்கற்கண்டும் சேர்த்தோம். மூன்று மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டினோம். எவ்வளவு பாசிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில் மட்டும் அவர் விடாப்பிடியாக இருந்தார். பாசி கூடினால் ரப்பர், தொண்டையில் நிற்கும், குறைந்தால் தண்ணீர், கதை முடிந்தது என்றார். இரண்டு முறை ஒரு தேக்கரண்டி எடுத்துக் கல்லில் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். இரண்டு முறையும் தலையை ஆட்டினார். மூன்றாவது முறைதான் சரி என்றார். ஊற்றுகிற நேரம் வந்தபோது, என்னை நிறுத்திவிட்டு நிலைப்படிப் பக்கம் பார்த்து, "கடைசிக் கை ஆச்சி கையா இருக்கட்டும்" என்றார். ஒரு முஸ்லிம் சொல்லிக் கொடுத்து ஆக்கியதை இந்த வீட்டு ஐயா உண்ணலாமா என்று அந்த ஊரில் நாளைக்கு ஒருத்தர் கேட்கலாம். அந்தக் கேள்வி பிறப்பதற்கு முன்பே அதற்கு ஒரு வழி செய்துவிட்டார் மனுஷர். ஆச்சிக்கும் அது புரிந்தது. அவரே உள்ளே போய் நீலக் கோடு போட்ட பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்து, அவரே ஊற்றினார்.

கோப்பையைக் கிணற்றுத் தண்ணீர் விட்ட தாம்பாளத்தில், மல்லிகைப் பந்தல் நிழலில் வைத்தோம். கலக்காதே, அசைக்காதே, அடிக்கடி பார்க்காதே, நீ பார்த்தால் அது உறையாது என்றார் பாய். நான் அதை நம்பி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் நாக்கை ஒரு நாழிகை அடக்குவதற்காகச் சொன்னாராம். எவ்வளவு நேரம் போனதோ, இப்பத் திரும்பு பினாங்கு என்றார். திரும்பினேன். கோப்பை அப்படியேதான் இருந்தது. உள்ளே கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக ஏதோ நின்றது. உறையவே இல்லையே பாய் என்றேன். கோப்பையை விரலால் தட்டு என்றார். தட்டினேன். அந்தத் தண்ணீர் நடுங்கியது. அலை அடிக்கவில்லை, ஓரத்தில் ஏறவில்லை. தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் அசையுமே, அப்படி ஒரு நடுக்கம், பிறகு தானே அடங்கியது. சாய்த்துப் பார்க்கச் சொன்னார். சாய்த்தேன், விழவில்லை. பந்தல் ஓட்டை வழியாக வந்த வெயில் அதற்குள் புகுந்து கோப்பையின் அடியில் ஒரு பொட்டாக விழுந்திருந்தது. சித்திரை மாதம், உச்சி வெயில், ஐஸ் இல்லை, மந்திரம் இல்லை. தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. நான் கைகூப்பிவிட்டேன். எதைப் பார்த்துக் கும்பிட்டேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆச்சி கோப்பையை எடுத்துக்கொண்டு முதலாளி பக்கம் போனார். நான் பின்னால் நின்றேன். முதலாளியின் கண் முதலில் என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் எழுதச் சொல்லப் போவதில்லை. இடது கை எழுந்து விரல்களை உதற ஆரம்பித்தது. அப்போது ஆச்சி கோப்பையைச் சற்றே சாய்த்துக் காட்டினார். உள்ளே அது நடுங்கியது. அவர் கண் அதில் நின்றது. எழுந்த கை அப்படியே மெதுவாக இறங்கிப் போர்வையில் படுத்துக்கொண்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது. மலாயாவில் அவர் எங்கேயோ, எந்த மேசையிலோ பார்த்திருக்க வேண்டும். ஆச்சி வெள்ளிக் கரண்டியின் நுனியில் ஒரு துண்டு எடுத்து நாக்கில் வைத்தார். வாய் மூடியது. தொண்டைக் குமிழ் அசையவில்லை, அசையவில்லை, பிறகு ஏறி, ஒரு கணம் மேலேயே நின்று, இறங்கியது. ஆச்சி காத்திருந்தார். இருமல் வரவில்லை. அடுத்த கரண்டி. அதுவும் இறங்கியது. மூன்றாவது கரண்டிக்கு அவரே வாயைத் திறந்தார்.

நான் பின்வாசலுக்கு ஓடினேன். பாய் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு பாய்."

அவர் அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்து தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தனை நேரம் அவருக்கு மட்டும் பயம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆச்சி கொடுக்க வந்த எதையும் அவர் வாங்கவில்லை. ரொம்ப வற்புறுத்திய பிறகு, திறந்த மார்மலேட் பாட்டிலை மட்டும் கேட்டார். கரைக்கு வந்த பிறகு அதைத் தின்னவே இல்லையாம். கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கசக்குமே பாய் என்றேன். அதுக்குத்தாம்பா என்றார். ஆச்சி அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். டின்னை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று மூட்டையையும் கட்டிக்கொண்டே போனேன். மன்னிக்க வேண்டும் ஆச்சி, நான் பினாங்கு போகவில்லை என்று ஆரம்பித்தேன்.

"நீ போகலைங்கிறது மொத நாளே தெரியும்பா. உப்புமா நல்லாருந்துச்சு, வச்சுக்கிட்டேன். இனிமே தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு, அது போதும்."

முதலாளி தேறினார். மூன்று மாதத்தில் குழைந்த சோறு இறங்கியது. அதுவரை தினமும் காலையில் பாலிலும் கஞ்சியிலும் கடல்பாசி காய்ச்சியது நான்தான். மாதா மாதம் பாய் பெட்டியில் பாசி வரும். பேச்சு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் இடது கை சும்மா இருக்கவில்லை. மத்தியானம் சாப்பாடானதும் என்னைப் பீரோவுக்கு முன்னால் நிறுத்தி ஒரு பாட்டிலைக் காட்டுவார். நான் பெயர் சொல்ல வேண்டும். சிரப்பை ஜாம் என்று சொன்னால் விரல்களை உதறுவார். சரியாகச் சொன்னால் கை படுத்துக்கொள்ளும். மழைக்குள் ஓடிவந்தவனைப் பிடித்து உட்கார வைத்த பள்ளிக்கூடம் அதுதான். வாத்தியாருக்குப் பேச்சு வராது, மாணவனுக்கு எழுத்து வராது. நாலைந்து வருஷம் கழித்து முதலாளி தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஆச்சி பிள்ளைகளோடு கப்பல் ஏறுவதற்கு முன்னால், பீரோவிலிருந்த பாட்டில்களை யார் யாருக்கோ கொடுத்தார். எனக்கு இந்தக் கோப்பையைக் கொடுத்தார்.

பாய் வருவதும் ஒரு கட்டத்தில் நின்றுபோனது. இரண்டு மாதம் பார்த்தேன், மூன்றாவது மாதம் கோப்பையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அறந்தாங்கியில் இறங்கி வேறு வண்டி பிடித்து, மணமேல்குடி தாண்டும்போது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. கடல் கண்ணில் படாமல் இருக்க, பஸ்ஸில் எதிர்ப்பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் குலுக்கலில்தான் இந்த விளிம்பு உடைந்தது. பாயின் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து படுத்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதுமே, வாங்க பினாங்கு என்றார். அவர் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி, ஊற்றி, உறைய வைத்து, கோப்பையை அவர் கையில் கொடுத்தேன். பார்வை இல்லாத அந்த மனுஷர் அதைக் காதோரம் கொண்டுபோய் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டு...

"அங்க என்ன இன்னும் கத? பாசி ஒறைஞ்சு எவ்வளவு நேரமாச்சு. மேலத் தெருவுல அந்த அம்மாவுக்கு நேத்துலேர்ந்து ஒண்ணும் எறங்கலையாம், ஆள் வந்து நிக்கிது. எந்திரிச்சு வாங்க."

என் மனைவி. இந்த ஊரில் தொண்டை நின்றுபோன வீடுகளில் டாக்டருக்கு அடுத்தபடியாக இப்போதெல்லாம் என்னைத்தான் தேடுகிறார்கள். மகள் பேனாவை வைத்துவிட்டு, கோப்பையக் குடுங்கப்பா நான் கொண்டுபோறேன், ஒங்க கை நடுங்குது என்கிறாள். நடுங்கட்டும். இது சிந்தாது. வாரேன்.